முடிவு சொல்லாத புத்தகங்கள்: சிறுவயது முதல் நம்மை வளர்த்த நூல்கள் குறித்து ஒரு விவாதம்

காவிரிக்கரையான்

‘உங்களை உருவாக்கிய நூல்கள் எவை’ என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ஒரே வரிசையைத்தான் சொல்கிறோம். அம்புலிமாமாவில் தொடங்கி, காமிக்ஸ் வழியாகக் கல்கிக்கு வந்து, சாண்டில்யனைக் கடந்து, சுஜாதாவிடம் சில ஆண்டுகள் தங்கி, பிறகு ஜெயகாந்தன், ஜானகிராமன், புதுமைப்பித்தன் என்று போய்ச் சேர்கிறோம். நானும் ஏறத்தாழ அவ்வழியே வந்தவன்தான். ஆனால் ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்கு நம்மைத் தள்ளியது எது என்பதை யாரும் விளக்கக் காணோம். வயது ஏற ஏற ரசனை தானாக உயரும் என்றால், பத்து வயதில் அம்புலிமாமா படித்த அத்தனை பேரும் நாற்பதில் புதுமைப்பித்தனைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது நமக்கே தெரியும்.

என் கருத்து இது. ஒரு நூல் எதை முடிக்காமல் விட்டதோ அதுவே நம்மை அடுத்த நூலுக்கு அனுப்புகிறது.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவில் நமக்கெல்லாம் நினைவிருப்பது வேதாளக் கதைதான். சங்கர் வரைந்த அந்தச் சுடுகாட்டுப் படத்தைப் பார்த்துப் பயந்ததும் நினைவிருக்கும். அக்கதைகளின் அமைப்பைக் கவனியுங்கள். கதை முடிந்ததும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். அரசன் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னால் பிணம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். மூலத்தொகுப்பில் இருப்பவை இருபத்தைந்து கதைகளே என்றாலும் இதழில் அந்தத் தொடர் பல பத்தாண்டுகள் ஓடியது. அரசனின் விடையைப் படிப்பதற்கு முன் நாம் ஒரு விடை யோசித்து வைத்திருப்போம். பல சமயம் அரசனின் விடை நமக்கு ஒப்பாது. ஒரு தீர்ப்பு அச்சில் வந்திருந்தாலும் அதை ஏற்கத்தான் வேண்டும் என்பதில்லை என்பதை எனக்கு முதலில் கற்பித்தது அந்தத் தொடர்.

அடுத்தது பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது வாரவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பிரதி. அட்டைக்குப் பக்கத்தில் பழைய விளம்பரங்கள்கூட அப்படியே இருக்கும். ஐந்து பாகங்களையும் மூச்சுவிடாமல் படித்து முடித்தவனுக்கு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது கடைசிவரை துலங்கவில்லை. அந்த எரிச்சல்தான் என்னைச் சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியிடமும் சதாசிவ பண்டாரத்தாரிடமும் கொண்டுபோய் விட்டது. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயில் கல்வெட்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் இருப்பதையும், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் அவர்கள் குடும்பத்தாரின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டதையும் அங்கேதான் படித்தேன். பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனுக்கு அதில் பங்குண்டு என்று சாஸ்திரி சந்தேகித்தார்; பண்டாரத்தார் மறுத்தார். ஒரே கல்வெட்டை வைத்துக்கொண்டு இரண்டு அறிஞர்கள் எதிரெதிர் முடிவுக்கு வரமுடியும் என்று தெரிந்தபோது, நாவல் படிப்பதைவிட அது சுவையாக இருந்தது.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பற்றியும் சொல்ல வேண்டும். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றுபோன நூல் அது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கும் பகுதியை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிக்கொண்டே போகிறார் ஐயர், முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்னும் தோரணையில் கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்கிறார். இருபத்தைந்து வயதில், கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்துவிட்ட ஒருவர், தாம் படிக்காதது எவ்வளவு என்பதை அப்போதுதான் அறிகிறார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணிப் பதிப்பு வெளிவருகிறது.

உங்களை அடுத்த நூலுக்கு அனுப்பியவை எவை? அவை எதை முடிக்காமல் விட்டன? பட்டியல் வேண்டாம், ஒரு நூல் போதும், காரணத்தோடு சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்

ஐயா, சுவையான கருத்துத்தான். ஆயினும் நூலக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் நான் ஒப்பமாட்டேன். வாசகர்களில் பெரும்பாலோரை வளர்த்தது கேள்வியன்று, பழக்கம். உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிப்போகிறவர் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் சாண்டில்யனின் யவனராணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘இதே மாதிரி வேறு இருக்கிறதா’ என்று கேட்பவர்கள். ‘இதே மாதிரி’ என்று கேட்டுக் கேட்டுத்தான் அவர்கள் வேறு மாதிரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏனென்றால் கிளை நூலகத்தில் ‘இதே மாதிரி’ எப்போதும் இரவலில் போயிருக்கும். கையில் கிடைப்பது பக்கத்திலிருக்கும் வேறொன்று.

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால், சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகி, சிற்றூர்களில்கூட ஒரு அறையும் நான்கு அலமாரிகளும் வந்தன. அந்த அலமாரியை யாரும் திட்டமிட்டு நிரப்பவில்லை. ராஜேஷ்குமாருக்குப் பக்கத்தில் மு.வ. இருப்பார், மு.வ.வுக்குப் பக்கத்தில், மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த கெட்டி அட்டைப் புத்தகம் இருக்கும். சோவியத் நூல்களை அந்நாளில் எடுத்துப்போனவர்களில் பாதிப்பேர் தாளையும் படத்தையும் பார்த்து எடுத்தவர்கள்தாம். ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ அப்படித்தான் பல கைகளுக்குப் போனது. தானே அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்த துய்ஷேன் என்னும் இளைஞன், கிர்கீசியச் சிற்றூர் ஒன்றில் பாழடைந்த குதிரை லாயத்தைச் செப்பனிட்டுப் பள்ளி தொடங்கும் கதை அது. எங்கள் ஊர் ஓராசிரியர் பள்ளியில் படித்துவிட்டு வந்த பையன்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, நம்மை வளர்த்தவை நாம் தேர்ந்தெடுத்த நூல்கள் என்று எண்ணிக்கொள்வதில் கொஞ்சம் தற்பெருமை இருக்கிறது என்பேன்.

மாயாவி 72

எல்லோரும் காமிக்ஸை ஒரு படிக்கட்டாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த இரும்புக்கை மாயாவியை நான் இன்றும் படிக்கிறேன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பதைப்பில்தான் கதை முழுவதும் நகர்கிறது. ஒருவனுக்கு வாய்த்த பலமும் அவனைக் காட்டிக்கொடுக்கும் குறையும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதை அந்த வயதில் அதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தந்தார்கள்? நான் எங்கும் ‘போய்ச் சேரவில்லை’. இங்கேயே இருந்துகொண்டு மற்றவற்றையும் படிக்கிறேன். அவ்வளவுதான்.

மதுரை வாசகி

காவிரிக்கரையார் ஒரு நூல் போதும் என்றார். எனக்கு இரண்டு வேண்டும், ஏனெனில் இரண்டாவது வந்து முதலாவதை அழித்தது.

முதலாவது நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. எங்கள் தலைமுறையில் அரவிந்தன், பூரணி என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். பேராசிரியரான தந்தை இறந்தபின் தம்பி தங்கையரைத் தன் தலையில் சுமந்துகொண்டு, மதுரையில் தன்மானத்தோடு வாழும் பூரணியைப் படித்துவிட்டு, நானும் அப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அவள் நடந்த தெருக்களில் நானும் நடந்தவள் என்பது கூடுதல் போதை. அரவிந்தன் இறந்துபோகிறான், பூரணி அவனை நினைத்துக்கொண்டு தொண்டு செய்து வாழ்கிறாள். ஒரு பெண்ணின் வாழ்வுக்கு இதைவிட உயர்ந்த முடிவு இல்லை என்று அந்நாவல் என்னை நம்பவைத்தது. அதில் முடிக்காமல் விட்டது எதுவுமே இல்லை. எல்லாவற்றுக்கும் விடை சொல்லி, எல்லா விடையையும் மேற்கோள் போல எழுதியிருப்பார். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிவரியாக எடுத்து எழுதி வைத்திருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, திருமணமாகி, ஒரு கூட்டுக் குடும்பத்தின் சமையலறையில் நின்றுகொண்டிருந்த காலத்தில்தான் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பு கைக்கு வந்தது. தலைப்புக் கதை நடப்பது ராஜஸ்தானத்துப் பெரிய வீடு ஒன்றில். வீட்டுக்கு எத்தனையோ அறைகள். சமையலறை மட்டும் ஏதோ பிற்பாடு நினைத்துக்கொண்டு ஒட்டவைத்ததுபோல் ஒரு மூலையில். அதைக் கொஞ்சம் விசாலமாக்கலாமே என்று மருமகள் மீனாட்சி சொன்னதும் அந்த வீட்டில் உண்டாகும் சலனத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்கள் வீட்டுச் சமையலறையை அளந்தேன். அளந்தேன் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. நாடாவை எடுத்து அளந்தேன். என் மாமியார் அந்த இடத்தில் எத்தனை ஆண்டுகளைக் கழித்திருக்கிறார் என்பது அதன்பிறகே எனக்கு உறைத்தது. பூரணியை வெறுத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளை அப்படி எழுதியவருக்கு ஒரு பெண்ணின் தியாகம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை அதன்பிறகு பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆக, முழுதாக முடிந்த நூலும் ஒருவரை உருவாக்கும். அதிலிருந்து வெளியே வருவதற்கு இன்னொரு நூல் தேவைப்படும்.

கரிசல்காட்டான்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். அனைவரும் வீட்டில் புத்தகம் இருந்தவர்களாகப் பேசுகிறீர்கள். பைண்டு செய்த கல்கி, அம்புலிமாமா சந்தா, எடுத்து எழுத ஒரு தனி நோட்டு. எங்கள் வீட்டில் அச்சிட்ட தாள் என்றால் குடும்ப அட்டையும் கடைச்சாமான் கட்டிவந்த செய்தித்தாளும்தான். நான் முதலில் முழுதாகப் படித்த கதைப்புத்தகம் பள்ளியின் துணைப்பாட நூல். அதையும் பரீட்சைக்காகப் படித்தேன். உங்கள் வரிசை எனக்கு வாய்க்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறொரு வரிசை உண்டு என்று சொல்லவே எழுதுகிறேன்.

கல்லூரி விடுதியில் ஒருவர் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுத்தார். 1982இல் வந்த நாவல். சிதம்பரம் என்னும் பையன், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு, தந்தையோடு காட்டிலும் ஓடையிலும் மறைந்து திரிகிறான். கொலையைவிட அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எந்த மரத்தடியில் படுக்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போகும் விதம். அந்தச் செடிகளின் பெயர்கள் எனக்குத் தெரியும். அவற்றை யாரும் அச்சில் எழுதுவார்கள் என்பதுதான் தெரியாது. ஒரு தகப்பன் தன் மகனிடம் அப்படிப் பேசுவதையும், திட்டுவதற்குள்ளேயே பாசத்தை ஒளித்துவைப்பதையும் நான் வீட்டில் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு அதே ஆசிரியரின் ‘பிறகு’, பின்னர் கி. ராஜநாராயணனின் (கி.ரா.) ‘கோபல்ல கிராமம்’, பின்னர் 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’.

கி.ரா. எங்கள் மண்ணின் மொழியைச் சபையேற்றியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எழுதிய ஊரில் எங்கள் தெரு ஓரத்தில்தான் இருந்தது. பூமணியிடம் தெரு நடுவில் இருந்தது. ‘கருக்கு’வில் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் எழுந்து, படிப்பு, மடம், மீண்டும் ஊர் என்று தன் வாழ்வைத் தானே சொன்னார். எனவே, என்னை ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பியது விடை கிடைக்காத கேள்வியன்று. ‘நாமும் எழுதப்படக்கூடியவர்களா’ என்பதற்குக் கிடைத்த விடை.

பொன்னியின் செல்வனை நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் வரும் தொடக்கம் அருமையாக இருந்தது. அவ்வளவு பேசுகிற பாத்திரங்களுக்கு இடையில் அந்த ஏரியை வெட்டியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சிறுவயதில் படித்திருந்தால் ஒருவேளை இதைக் கவனித்திருக்கமாட்டேன்.

காவிரிக்கரையான்

கரிசல்காட்டாரின் பதிவுக்குப் பிறகு என் முதல் வாதத்தை அப்படியே வைத்திருப்பது கடினம். ஆயினும் முழுவதும் விட்டுவிட மனமில்லை. ‘வெக்கை’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தந்தையும் மகனும் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படும் இடத்தில் நிற்கிறது. தீர்ப்பு என்ன என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. தன்னை அந்நூலில் கண்டவருக்கு அந்தத் தீர்ப்பு வேண்டாமா?

மதுரை வாசகி சொன்னதோடு ஜெயகாந்தனையும் சேர்த்துப் பார்க்கலாம். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேச’த்தில், மழையில் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ தூயவள் என்கிறாள். வாசகர்களிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. பிறகு எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில், தாய் அலறிவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே கேட்டு, கங்காவின் வாழ்வை அதன்மேல் கட்டினார்; அந்தச் சிறுகதையும் நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வந்து, கங்காவே அதைப் படிக்கிறாள். ஓர் எழுத்தாளர் தாம் முடித்த கதையை முடிந்ததாக ஏற்காமல் திரும்பத் திறந்தார். நா.பா. அரவிந்தனைச் சாகவிடாமல் இன்னொரு நாவல் எழுதியிருந்தால் உங்களுக்கு அம்பை தேவைப்பட்டிருக்கமாட்டாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

மதுரை வாசகி

அரவிந்தன் உயிரோடிருந்தால் பூரணி அவனுக்கும் சமைத்துக்கொண்டிருப்பாள். அம்பை கட்டாயம் தேவைப்பட்டிருப்பார்.

வடமராட்சியான்

முடிக்காத புத்தகம் என்று நீங்கள் எல்லோரும் உட்பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் புத்தகம் மெய்யாகவே முடியாமல் இருக்கும். வாசிகசாலையில் இருந்த பழைய பிரதிகளில் கடைசிப் பக்கங்கள் இராது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்ப் போய்க் கழன்றிருக்கும். முடிவை யாராவது வாய்ச்சொல்லாகத்தான் சொல்லுவார்கள். இருவர் இரண்டு முடிவு சொன்ன நாவல்களும் உண்டு.

1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் எங்கள் மூத்தவர்களுக்கு ஒரு வகையில் நன்மையே விளைந்தது என்று நான் நினைக்கிறேன். சிலர் இதை மறுப்பார்கள். வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவைப் பற்றியது. காவிரியை அறியுமுன் கல்கியின் காவிரியை அறிந்திருந்த பிள்ளைகளுக்கு, எங்கள் தீவும் எங்கள் காற்றும் ஒரு நாவலுக்குப் போதும் என்று காட்டிய நூல் அது. அவருடைய ‘நடந்தாய் வாழி வழுக்கியாறு’ இன்னும் குறும்பானது; காணாமற்போன மாட்டைத் தேடிக்கொண்டு, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் எங்கள் ஒரே ஆற்றின் வழியே நடக்கும் கதை. சாதிக் கொடுமையைப் பேசும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வாசித்தபோது, கரிசல்காட்டார் சொன்னதன் மறுபக்கம் எனக்கு நேர்ந்தது. அதில் வரும் ஊரை நான் அறிவேன். ஆனால் என் குடும்பம் அந்த ஊரில் எந்தப் பக்கம் நின்றது என்பதை அந்நூல்தான் எனக்குச் சொன்னது. தன்னைக் கண்டுகொள்வது எப்போதும் ஆறுதலாக இராது.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததையும் எல்லோரும் அறிவீர்கள். எனது வாசிப்பு அதற்குப் பிந்தியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு எரித்த ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தோம். செய்தித்தாள்கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. அந்நாளில் ‘அடுத்த நூல்’ என்பது தேர்வுக்குரிய விடயம் அல்ல. பக்கத்து வீட்டில் இடம்பெயர்ந்து வந்து தங்கியவர்கள் பையில் என்ன கொண்டுவந்தார்களோ அதுதான் அடுத்த நூல். நூலகர் ஐயா சொன்ன தற்செயல் எங்களுக்கு இன்னும் கடுமையாக நடந்தது. பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’ அப்படித்தான் கிடைத்தது. இரு கால்களையும் இழந்த விமானி மீண்டும் விமானம் ஓட்டும் கதையை, கால் இழந்தவர்களைத் தினமும் காணும் ஊரில் இருந்து வாசித்தோம். அதை வீரக்கதை என்று மட்டும் எங்களால் வாசிக்க முடியவில்லை. பொய்க்கால் எங்கே செய்கிறார்கள், எவ்வளவு வலிக்கும், நடனமாடிப் பழகியதாக எழுதியிருப்பது மெய்தானா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வாசித்தோம்.

ஓய்வுபெற்ற நூலகர்

வடமராட்சியார் எழுதியதைப் படித்தபின், ‘இதே மாதிரி’ இரவலில் போயிருந்ததை ஒரு பற்றாக்குறையாக நான் சொன்னது எனக்கே சிறிது கூச்சமாக இருக்கிறது. அன்பர் ஒருவர் தனிமடலில், எட்டாம் வகுப்புப் படிக்கும் தம் மகளுக்கு இந்த இழையிலிருந்து எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். பதிலை இங்கேயே சொல்கிறேன். நீங்கள் எதையும் கையில் திணிக்க வேண்டாம். நூலகத்துக்கு அழைத்துப்போய், உறுப்பினராகச் சேர்த்து, நீங்கள் செய்தித்தாள் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவள் எதை எடுத்தாலும் அட்டையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பேய்க்கதையாக இருந்தாலும் சரி.

‘நடந்தாய் வாழி வழுக்கியாறு’ தமிழ்நாட்டில் எங்கேனும் கிடைக்குமா? நான் பணியாற்றிய எந்த நூலகத்திலும் கண்டதில்லை.

வடமராட்சியான்

அச்சுப் பிரதி அங்கே கிடைப்பது அரிது, ஐயா. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். மல்லிகை இதழ்கள் அங்கே ஏராளமாக உள்ளன, கட்டணம் கிடையாது. வழுக்கியாற்றைப் படித்து முடித்ததும் இங்கே எழுதுங்கள். மாடு கிடைத்ததா என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கரிசல்காட்டார் இன்னும் படிக்கவில்லை.